மூன்றாவது அறையோடு நின்றுவிட்டது!

மேசை விளையாட்டு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைத்தான் கேட்கின்றன. டி அண்ட் டி (டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்) மாதிரியான ரோல்பிளேயிங் கேமுக்கு எழுத உட்கார்ந்தால் எழுத வரவில்லை. புதிதாகப் படிப்பவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நான்கைந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி விளையாடுவார்கள். ஒருவர் மட்டும் கேம் மாஸ்டர். அந்த உலகத்தையும் அதில் வரும் மற்ற எல்லோரையும் அவர்தான் நடத்துவார். அதற்காக அவர் முன்கூட்டி எழுதி வைப்பதை அட்வென்ச்சர் என்போம். மாட்டிக்கொள்வது அதை எழுதும்போதுதான். இந்த இதழ் முழுக்க அதற்கே ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி: கல்லூரி நண்பர்கள் ஐந்து பேருக்காக ஒரு அட்வென்ச்சர் எழுதுகிறேன். பாழடைந்த வெள்ளிச் சுரங்கம், அதற்குள் இருபது அறைகள். முதல் மூன்று அறைகளை ஒரே மூச்சில் எழுதினேன். அதன்பின் ஒரு மாதமாக ஒரு வரி நகரவில்லை. எழுதிய வரைக்கும் இணைத்திருக்கிறேன். என் கற்பனை வறண்டுவிட்டதா அக்கா?
- வாசகர், கோவை

வறளவில்லை தம்பி. அனுப்பிய பக்கங்களை இரண்டு முறை படித்தேன். முதல் அறையில் ஒரு கோப்ளின் (குள்ள அரக்கன்) காவல்காரன் தூங்குகிறான். இடுப்பில் சாவிக்கொத்து, பக்கத்தில் பாதி தின்ற மீன். இரண்டாவது அறையில் வளைந்த தண்டவாளமும் கவிழ்ந்த தள்ளுவண்டியும். இரண்டுமே எனக்குப் பிடித்திருந்தன. மூன்றாவது அறைக்கு வந்ததும் எழுத்து மாறிவிடுகிறது. 'அங்கே கட்டிப்போட்டிருக்கும் கிழவரை வீரர்கள் விடுவிக்கிறார்கள். அவர் நன்றி சொல்லி ரகசிய வழியைக் காட்டுகிறார். அவர் பேச்சை நம்பி வீரர்கள் இடதுபக்கம் போகிறார்கள்' என்று எழுதியிருக்கிறீர்கள்.

உங்கள் கை நின்ற இடம் இதுதான். முதல் இரண்டு அறைகளில் அங்கே என்ன இருக்கிறது என்று எழுதினீர்கள். மூன்றாவதில் இனி என்ன நடக்கும் என்று எழுதத் தொடங்கிவிட்டீர்கள். அதை முடிவு செய்யப் போகிறவர்கள் உங்கள் ஐந்து நண்பர்கள். மாப்பிள்ளை வீட்டார் வந்து சேரும் முன்பே தாலி கட்டி முடிப்பது போன்ற காரியம் இது. கிழவரை அவிழ்த்துவிடாமலே விசாரிப்பார்கள். ஒருவன் அவரைக் கோப்ளின்களின் ஒற்றன் என்பான். இன்னொருவன் வெளியே கூட்டிப்போய்ச் சோறு போடலாம் என்பான். இடதுபக்கம் போவார்கள் என்பதற்கு என்ன உத்தரவாதம்? இது உங்கள் மனசுக்குத் தெரியும். அடுத்த வரி எப்படியும் வீணாகப் போகும் என்று தெரிவதால்தான் எழுத மறுக்கிறது. அந்தத் தயக்கத்தை நான் நம்புவேன்.

சரி, என்ன செய்யலாம்? நடக்கப் போவதை அடித்துவிடுங்கள். இப்போது அங்கே இருப்பதை மட்டும் எழுதுங்கள். யார் இருக்கிறார்கள், அவர்களுக்கு என்ன வேண்டும், எது தடுக்கிறது, வீரர்கள் வராமலே போனால் என்ன ஆகும். இவற்றுக்குப் பதில் இருந்தால் ஐந்து பேரும் எந்தப் பக்கம் போனாலும் உங்களால் நடத்த முடியும்.

உங்கள் சுரங்கத்தையே எடுத்துக்கொள்வோம். அந்த மீன் எங்கிருந்து வந்தது? மலை உச்சியில் சுரங்கம், பக்கத்தில் ஆறு இல்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் சுரங்கத்தின் கீழ்த்தளம் வெள்ளத்தில் மூழ்கியிருக்கிறது, அதில் மீன் இருக்கிறது. இருட்டிலேயே வளர்ந்த, கண் இல்லாத மீன். கோப்ளின்கள் அங்கே என்ன செய்கிறார்கள்? தண்ணீரை இறைக்கிறார்கள், ஏனென்றால் அடியில் வெள்ளி இருக்கிறது. கிழவர் யார்? பழைய சுரங்கத்து மேஸ்திரி. அந்தச் சுரங்கத்தில் தண்ணீரைத் திறந்துவிட்டவரே அவர்தான், அடியில் தோண்டும்போது வெளிப்பட்ட ஒரு கதவை மூழ்கடிப்பதற்காக. இறைக்காதீர்கள் என்று சொல்லத்தான் வந்தார், பிடித்துக் கட்டிப்போட்டுவிட்டார்கள். யாரும் வராவிட்டால்? மூன்றாம் நாள் இரவு கீழ்த்தளம் வற்றும், கதவு வெளியே தெரியும், கோப்ளின்கள் அதைத் திறப்பார்கள்.

இவ்வளவும் நீங்கள் போட்ட மீனிலிருந்து வந்தது. இனி மீதி அறைகளை எழுதிப் பாருங்கள். இறைக்கும் சக்கரம் இருக்கும் அறை, சக்கரம் சுற்றிக் களைத்தவர்கள் படுத்திருக்கும் அறை, இறைத்த நீர் வெளியேறும் கால்வாய், அது போய்ச் சேரும் ஊர்க் குளம். குளத்து நீர் சாம்பல் நிறமாக மாறிவிட்டது என்று ஊர்க்காரர்கள் புலம்பினால் வீரர்கள் சுரங்கத்துக்கு வரவும் காரணம் கிடைத்துவிடுகிறது. எங்கே நின்றாலும், ஏற்கெனவே எழுதியதற்குள் காரணம் சொல்லாமல் விட்ட பொருள் ஒன்றைத் தேடுங்கள். அநேகமாக ஒன்று இருக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த விளையாட்டின் ஆரம்ப காலத்திலேயே, 1970-களின் கடைசியில், புதியவர்களுக்கான டி அண்ட் டி பேசிக் பெட்டியோடு ஒரு பயிற்சி அட்வென்ச்சர் கொடுத்தார்கள். எழுதியவர் மைக் கார். அதில் ஒவ்வொரு அறையின் வர்ணனையும் அச்சில் இருக்கும். அதன் கீழே அரக்கன், புதையல் என்று போட்டு எதிரே வெறும் கோடு. பின்பக்கப் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுத்து கேம் மாஸ்டரே பென்சிலால் நிரப்பிக்கொள்ள வேண்டும். எல்லா அறைகளையும் நிரப்பிவிடாதீர்கள், சிலது காலியாகவே இருக்கட்டும் என்றும் அவர் சொல்லியிருந்தார். அச்சுக்கே கோடு விட்டுக் கொடுத்தார்கள் என்னும்போது, உங்கள் நோட்டில் ஒன்பதாவது அறை வெறும் கோடாக இருந்தால் என்ன? எங்கள் நங்கநல்லூர் வீட்டு மேசையில் மூன்று மணி நேரத்தில் ஐந்தாறு அறைகள் தாண்டினாலே அதிகம். முதல் நாளுக்கு ஏழு அறைகள் எழுதுங்கள். மீதியை விளையாடிய பிறகு எழுதினால் போதும். அதற்குள் நண்பர்களே உங்களுக்குப் பாதி யோசனை கொடுத்திருப்பார்கள்.

கேள்வி: ஒரு முழு உலகத்தையே உருவாக்கி வைத்திருக்கிறேன். நான்கு கண்டங்கள், ராஜ வம்சங்கள், கடவுள்கள், நாட்காட்டி எல்லாம் தயார். ஆனால் முதல் செஷனை, அதாவது முதல் நாள் ஆட்டத்தை, எழுத முடியவில்லை. எங்கிருந்து தொடங்குவது என்றே தெரியவில்லை.
- வாசகி, திருச்சி

ஒரு கிணற்றிலிருந்து தொடங்குங்கள். அல்லது ஒரு சத்திரத்திலிருந்து, ஒரு சுங்கச்சாவடியிலிருந்து. உலகம் எழுதுவது இன்பமான வேலை, அதை விடச் சொல்லவே மாட்டேன். ஆனால் ராஜ வம்சத்தின் ஏழாவது தலைமுறையை எழுதும்போது எதிரே யாரும் உட்கார்ந்திருப்பதில்லை. முதல் செஷனில் ஐந்து பேர் உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அந்தப் பயத்தைத் தள்ளிப்போட இன்னொரு கண்டம் வரையத் தோன்றும்.

டி அண்ட் டி-யைத் தொடங்கி வைத்தவர்கள் எப்படிச் செய்தார்கள் என்று பாருங்கள். அமெரிக்காவின் மினசோட்டாவில் டேவ் ஆர்னெசன் தன் பிளாக்மூர் விளையாட்டை ஒரு கோட்டை, அதன் அடியில் நிலவறைகள், பக்கத்தில் ஒரு ஊர் என்ற அளவில்தான் நடத்தினார். 1972-ல் அதை விளையாடிப் பார்த்த கேரி கைகாக்ஸ், விஸ்கான்சினின் லேக் ஜெனிவாவில் தன் வீட்டில் ஒரு பாழ்கோட்டையின் நிலவறையை வரைந்து தன் மகனையும் மகளையும் வைத்து விளையாடினார். கிரேஹாக் என்ற உலகம் அங்கேதான் தொடங்கியது. அந்த உலகத்தின் வரைபடம் விவரங்களோடு அச்சில் வந்தது 1980-ல். டி அண்ட் டி வெளியாகி ஆறு வருடம் கழித்து!

உங்கள் நான்கு கண்டங்களையும் தூக்கிப்போட வேண்டாம். அவற்றிலிருந்து ஒரே ஒரு சண்டையை எடுங்கள். இரண்டு கடவுள்களின் பக்தர்களுக்குள் பகை என்று எழுதியிருக்கிறீர்கள் அல்லவா, அதைக் கீழே இறக்குங்கள். ஒரு ஊர், அதில் ஒரு கிணறு, இரு தரப்பும் அதைத் தங்கள் கடவுளுடையது என்கிறார்கள். இன்று காலை கிணற்றில் ஒரு பிணம் மிதக்கிறது. வீரர்கள் தண்ணீர் குடிக்க வந்திருக்கிறார்கள். முதல் செஷனுக்கு இது போதும். நாட்காட்டியும் கைகொடுக்கும், ஏனென்றால் இன்று எந்தக் கடவுளின் திருவிழா என்று நீங்கள் மட்டும்தான் சொல்ல முடியும்.

கேள்வி: பகடை உருட்டி, அட்டவணையைப் பார்த்து எழுதினால் சுலபமாக வருகிறது. ஆனால் அது ஏமாற்று வேலை மாதிரி இருக்கிறது. சொந்தமாக யோசித்தால்தானே எழுத்து?
- வாசகர், சேலம்

பகடை உங்களுக்காக எழுதுவதில்லை, உங்களிடம் ஒரு கேள்வி கேட்கிறது. பதிலை நீங்கள்தான் யோசிக்கிறீர்கள்.

பழைய விதிகளில் ஒரு அருமையான அட்டவணை உண்டு. வழியில் எதிர்ப்படுகிறவர் வீரர்களை எப்படி நடத்துவார் என்று பார்க்க இரண்டு ஆறுமுகப் பகடைகளை உருட்டுவது. 1981-ல் வந்த பேசிக் விதிகளில், கூட்டுத்தொகை 2 வந்தால் உடனே தாக்குவார், 12 வந்தால் நட்போடு வரவேற்பார், 6 முதல் 8 வரை வந்தால் எந்தப் பக்கமும் சாயாமல் தயங்கி நிற்பார். கணக்கைப் பாருங்கள். 36 வாய்ப்புகளில் 2-க்கு ஒன்றே ஒன்று, 12-க்கும் அப்படியே. 6, 7, 8 மூன்றுக்கும் சேர்த்துப் 16. ஆக, கிட்டத்தட்டப் பாதி நேரம் எதிரே வரும் பூதம் தயங்கி நிற்கும். ஏன் தயங்குகிறது? இங்கேதான் நீங்கள் உள்ளே வருகிறீர்கள். அதன் குட்டி காணவில்லை, மனிதர்களிடம் கேட்கலாமா வேண்டாமா என்று யோசிக்கிறது. இது எந்த அட்டவணையிலும் இல்லை, நீங்கள் யோசித்தது.

எங்கள் மேசையில் ஒருமுறை இதே உருட்டலில் ஒரு கொள்ளைக்காரத் தலைவிக்கு 12 விழுந்தது. வீரர்களைக் கழுத்தறுக்க வந்தவள் ஏன் கட்டிப்பிடிக்கிறாள்? மேசையில் இருந்த பல் டாக்டர் பெண், "எங்கப்பாவை இவளுக்குத் தெரிஞ்சிருக்கும்" என்றாள். அந்த ஒரு வாக்கியத்தின் மேல் பல மாதம் விளையாடினோம். நான் தனியாக உட்கார்ந்து யோசித்திருந்தால் அது வந்தே இருக்காது.

நீங்களே அட்டவணை எழுதும்போதும் இந்தக் கணக்கைப் பயன்படுத்தலாம். ஒரு பகடை போதும் என்றால் ஆறுக்கும் சம வாய்ப்பு. இரண்டு பகடை என்றால் சாதாரணமானவற்றை நடுவில் வையுங்கள், அதிசயமானவற்றை 2-க்கும் 12-க்கும் தள்ளுங்கள். அப்போது உங்கள் காடு எப்படிப்பட்ட காடு என்பதையே அட்டவணை சொல்லிவிடும். அதுவும் எழுத்துதானே?

கதையம்சத்துக்குப் பேர்போன ரேவன்லாஃப்ட் அட்வென்ச்சரிலேயே இது உண்டு. 1983-ல் டிரேசி ஹிக்மனும் லாரா ஹிக்மனும் எழுதியது. குறி சொல்லும் பெண் சீட்டுகளை எடுத்து வைப்பாள். அந்தச் சீட்டுகள்தான் வில்லனின் நோக்கம் என்ன, அவனை வீழ்த்தும் பொருட்கள் கோட்டையில் எங்கே இருக்கின்றன என்பதை முடிவு செய்யும். எழுதியவர்கள் எல்லா வாய்ப்புகளையும் யோசித்துத்தான் சீட்டின் கையில் கொடுத்தார்கள். அதை யாராவது ஏமாற்று வேலை என்பார்களா?

கேள்வி: கொலை மர்மம் எழுதுகிறேன். தடயத்தை வீரர்கள் கண்டுபிடிக்காவிட்டால் கதையே நின்றுவிடுமே என்ற பயத்தில் எழுத ஓடவில்லை.
- வாசகி, மதுரை

ஜஸ்டின் அலெக்சாண்டர் என்ற கேம் எழுத்தாளர் 2008-ல் ஒரு விதி சொன்னார். வீரர்கள் எந்த முடிவுக்கு வர வேண்டுமோ, அதற்குக் குறைந்தது மூன்று தடயங்கள் வையுங்கள். ஒன்றைப் பார்க்காமல் போவார்கள், ஒன்றைத் தப்பாகப் புரிந்துகொள்வார்கள், மூன்றாவதாவது கைகொடுக்கும். கொலைகாரி தையல்காரம்மா என்றால், பிணத்தின் கையில் ஒரு நூல், கடன் பாக்கி எழுதிய கணக்கு நோட்டு, அன்றிரவு கடைக்கதவு திறந்திருந்ததைப் பார்த்த பால்காரர். மூன்றும் மூன்று இடத்தில் இருக்கட்டும், மூன்று வகையாக இருக்கட்டும். உங்கள் பயம் நியாயமானது. தடயம் ஒன்றே ஒன்றாக இருக்கும்போது கதை உண்மையிலேயே நின்றுவிடும்.

இந்த விதி எழுத்துக்கும் உதவும். ஒரு முடிவுக்கு மூன்று தடயங்கள் எழுத உட்கார்ந்தால் மூன்று இடங்களும் மூன்று சாட்சிகளும் தானாக வந்துவிடுவார்கள். பால்காரரை நான் இப்போது இந்த வரியில்தான் யோசித்தேன்.

கேள்வி: தினம் ஒரு அறை எழுதுவதாக ஜனவரியில் தொடங்கினேன். பிப்ரவரியில் நின்றுவிட்டது. விட்ட நாட்களையெல்லாம் சேர்த்து எழுத வேண்டும் என்று நினைத்தாலே நோட்டைத் திறக்கப் பிடிக்கவில்லை.
- வாசகர், புதுச்சேரி

விட்ட நாட்களை எழுதாதீர்கள். இன்றைய தேதியைப் போட்டு இன்றைய அறையை எழுதுங்கள்.

இந்தப் பழக்கத்தைப் பரப்பியவர் மதர்ஷிப் என்ற விண்வெளித் திகில் கேமை உருவாக்கிய ஷான் மெக்காய். 2022 டிசம்பரில் அவர் முன்வைத்த யோசனை இது: 2023 முழுக்கத் தினம் ஒரு அறை, மாதம் ஒரு தளம், வருடக் கடைசியில் 12 தளங்கள், 365 அறைகள் கொண்ட டன்ஜன், அதாவது நிலவறை. பலர் சேர்ந்தார்கள். இதில் எனக்குப் பிடித்தது அளவுதான். டைரியின் ஒரு நாள் கட்டத்துக்குள் அடங்கினால் போதும். 'உப்பு மூட்டைகள். ஒன்று மூச்சு விடுகிறது.' இது ஒரு முழு அறை.

ஜனவரி முழுக்க எழுதினீர்கள் என்றால் உங்களிடம் முப்பத்தோரு அறைகள் இருக்கின்றன. பல அச்சிட்ட அட்வென்ச்சர்களில் அவ்வளவு கிடையாது. நான் உங்கள் இடத்தில் இருந்தால் பிப்ரவரியைப் பற்றிக் கவலைப்படாமல் அந்த முப்பத்தொன்றையும் ஒரு வரைபடமாக இணைத்து, யாரையாவது கூப்பிட்டு விளையாடிப் பார்ப்பேன்.

கேள்வி: தமிழில்தான் விளையாடுகிறோம். ஆனால் நான் எழுதி வைத்திருக்கும் வர்ணனையை வாசித்தால் நாடக மேடை வசனம் மாதிரி இருக்கிறது. அதனாலேயே எழுத உட்காரப் பிடிக்கவில்லை.
- வாசகர், தஞ்சாவூர்

வாசிப்பதற்காக எழுதாதீர்கள். உங்கள் கண்ணுக்காக எழுதுங்கள். முழு வாக்கியம் வேண்டாம். 'ஈரச் சாக்கு வாடை. மேலே ஏதோ சொட்டுது. மூலையில் நாற்காலி, முதுகு நம்ம பக்கம்.' இவ்வளவு குறித்துக்கொண்டு, மேசையில் பேசும்போது உங்கள் பேச்சிலேயே சொல்லுங்கள். ஒரு மணம், ஒரு சத்தம், தொட்டுப் பார்க்கத் தோன்றும் ஒரு பொருள். நான் ஒரு அறைக்கு இதற்கு மேல் எழுதுவதே இல்லை. எழுதுவதற்கு முன் போனில் குரலைப் பதிவு செய்து, அதைக் கேட்டு எழுதிப் பாருங்கள். தஞ்சாவூர்ப் பேச்சு அப்படியே வந்தால் வரட்டும். உங்கள் நண்பர்களுக்கு அந்த அறை இன்னும் பக்கத்தில் வந்துவிடும்.

கேள்வி: நண்பர்களுக்கு எழுதும்போது சரளமாக வருகிறது. அதையே வெளியிடலாம் என்று நினைத்ததும் கை கட்டிப்போகிறது. விதிகளையும் நானே எழுத வேண்டுமோ என்ற குழப்பம் வேறு.
- வாசகி, சென்னை

இரண்டையும் பிரித்துக்கொள்வோம். விதிகளை எழுத வேண்டியதில்லை. டி அண்ட் டி ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதித் தொகுப்பான எஸ்ஆர்டி 5.1-ஐ 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் விட்டுவிட்டார்கள். மூலத்தைக் குறிப்பிட்டுவிட்டு யாரும் பயன்படுத்தலாம், விற்கவும் செய்யலாம். அந்தத் தொகுப்பில் இருப்பதை மட்டும் பயன்படுத்துங்கள். அதற்கு வெளியே உள்ள அரக்கர்களும் உலகங்களும் அந்த உரிமத்தில் சேராது.

கை கட்டிப்போவதற்குக் காரணம், முகம் தெரியாத ஆயிரம் பேருக்கு எழுதுவதாக நினைப்பது. அப்படி எழுதினால் ஒவ்வொரு வரிக்கும் விளக்கம் சேர்க்கத் தோன்றும். வேறு ஊரில் கேம் நடத்தும் ஒரே ஒரு தோழிக்கு எழுதுங்கள். அவர் நாளைக்கு இதை நடத்தப்போகிறார், உங்களைக் கூப்பிட்டுச் சந்தேகம் கேட்க முடியாது. அவருக்கு என்னென்ன தெரிந்தால் போதுமோ அதை மட்டும் எழுதுங்கள்.

அளவைக் குறைப்பதும் உதவும். 2009-ல் ஒரு பக்க டன்ஜன் போட்டி ஒன்று தொடங்கினார்கள். வரைபடம், அறைகள், எல்லாமே ஒரே தாளில் அடங்க வேண்டும். அந்த அளவில் தேர்ந்த வேலைகள் நிறைய வந்திருக்கின்றன. டி அண்ட் டி-யே 1974-ல் மூன்று சின்னப் புத்தகங்களாக, ஒரு பெட்டியில், 1,000 பிரதிகள்தான் முதலில் வந்தது. நீங்கள் ஒரு தாளில் தொடங்குவதற்கு யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை.

கேள்வி: ஒவ்வொரு முறையும் செஷனுக்கு முந்தின இரவு வரை ஒன்றுமே எழுதாமல் உட்கார்ந்திருக்கிறேன். அந்த ஒரு மணி நேரத்தில் எதை எழுதினால் உருப்படியாக இருக்கும்?
- வாசகர், வேலூர்

முதலில், போன முறை யாரெல்லாம் வந்தார்கள் என்று பாருங்கள். அதில் மூன்று பேரை எடுத்து, இந்த வாரம் முழுக்க அவர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று ஆளுக்கொரு வரி எழுதுங்கள். வீரர்கள் அவமானப்படுத்திய வட்டிக்கடைக்காரர் சும்மா இருந்திருக்க மாட்டார்.

அடுத்து, மைக்கேல் ஷே என்ற எழுத்தாளர் சொல்லும் ஒரு முறை. வீரர்கள் தெரிந்துகொள்ளக் கூடிய ரகசியங்களைப் பத்து வரியில் எழுதுங்கள், ஆனால் எங்கே கிடைக்கும், யார் சொல்வார் என்று முடிவு செய்யாதீர்கள். வீரர்கள் எங்கே தேடினாலும் பொருத்தமான ஒன்றை அங்கே எடுத்து வைக்கலாம். ஏழாவது ரகசியத்துக்கு மேல் கஷ்டமாக இருக்கும். அங்கே விடாதீர்கள், நான் பார்த்தவரை நல்லது எட்டாவதிலும் ஒன்பதாவதிலும்தான் வருகிறது.

அப்புறம் ஒரு தொடக்கக் காட்சி. யாரோ ஓடிவந்து கதவைத் தட்டுவது போதும். கடைசியாகப் பத்துப் பெயர்களை ஒரு சீட்டில் எழுதிக்கொள்ளுங்கள். எங்கள் மேசையில் இருக்கும் ஆடிட்டர் சார் எந்த ஊருக்குப் போனாலும் லாடம் அடிப்பவரின் பெயரைக் கேட்பார். பெயர் தயாராக இருந்தால் அவருக்கு ஒரு மனைவியும் ஒரு பழைய கோபமும் அந்த நொடியில் கிடைத்துவிடும். அடுத்த வாரம் எழுத வேண்டிய மூன்று பேரில் ஒருவரும் அவராகவே இருப்பார்.